யோகண்ணையின் பொம்பிளைக் கார்

ஜேர்மனியில் தமிழ்க் கலியாணங்களுக்கு ஒரு தலைவிதி. மார்கழி முழுக்க எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். தை பிறந்ததும் ஊரே கலியாணம் வைக்கும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பதில் பிழையில்லை. டோர்ட்மண்டில் அந்த வழியெல்லாம் பனிக்கட்டி கிடக்கும், அவ்வளவுதான்.

விடியமுதல் எழும்பித் தலை கட்டி, பூ வைத்து, முந்தானைக்கு ஊசி குத்தி, நகை ஏற்றி நிற்கிற பெண்ணிடம் "மேலாலை ஒரு ஜக்கெட் போடு பிள்ளை" என்று சொல்ல எந்தத் தாய்க்கும் துணிவு வருவதில்லை. போட்டால் பூ நசியும். ஆரம் கழுத்துப்பட்டியில் கொழுவும். மூன்று மணித்தியாலம் நின்று கட்டிவிட்ட பெண் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். ஆகவே வீட்டு வாசலிலிருந்து கார் வரைக்கும் ஓர் ஓட்டம், காரிலிருந்து மண்டப வாசல் வரைக்கும் இன்னோர் ஓட்டம். இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் நிற்பதுதான் யோகலிங்கத்தின் கார்.

நீளமான கறுப்புக் கார். ஒரு பல் வைத்தியர் ஓய்வு பெற்றபோது விற்றது. யோகலிங்கம் அதை வாங்கியதற்கு வேகமோ மினுக்கமோ காரணமில்லை. பின் இருக்கைகளுக்கும் சூடு இருந்தது. கதவோரம் ஒரு பொத்தான். அதை அமத்தினால் மூன்று சின்ன விளக்குகள் எரியும். கொஞ்ச நேரத்தில் யாரோ அப்போதுதான் எழும்பிப் போன இடத்தில் இருப்பதுபோல ஒரு வெக்கை கீழிருந்து நாரிவரைக்கும், அதாவது இடுப்புவரைக்கும், ஏறும். வாங்கிய நாளிலிருந்து டோர்ட்மண்ட், எசன், ஹம் என்று அந்தப் பக்கத்துத் தமிழர் வீடுகளில் அதற்குப் "பொம்பிளைக் கார்" என்று பெயர். மணப்பெண்ணைப் பொம்பிளை என்று சொல்வதுதான் அவர்களுடைய வழக்கம்.

யோகலிங்கத்துக்கு ஐம்பத்தேழு வயது. பெரிய வெதுப்பகம் ஒன்றில் ரொட்டி சுடுகிற காலை வேலை. பாண் வேகிற மணம் அவருடைய உடுப்பில் ஏறி, உடுப்பிலிருந்து காருக்குள் இறங்கி, இப்போது காரின் சொந்த மணமாகிவிட்டது. தாலி ஏறும்வரைக்கும் ஒன்றும் சாப்பிடாமல் இருக்கிற பொம்பிளைகளுக்கு இது பெரிய சோதனை. "உங்கடை காரிலை ஏறினாலே பசிக்குது மாமா" என்று சொல்லாதவர்கள் குறைவு. ஓடிக் கொடுப்பதற்கு அவர் ஒன்றும் வாங்குவதில்லை. முதல் பந்தியில் ஓர் இடம், அது மட்டும் தவறக்கூடாது. வழியில் பேசவும் மாட்டார். கண்ணாடியில் பின்னால் பார்க்கவும் மாட்டார். பாதித் தூரம் போனதும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"பிள்ளை, சூடு காணுமோ?"

போதுமா என்பதை அவர்கள் காணுமோ என்று கேட்பார்கள். அந்தக் காரில் போன எல்லாப் பெண்களும் இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். சிலர் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது இதே குரலில் கேட்டுச் சிரிப்பார்களாம்.

அந்தக் கேள்வி கமலநாயகியால் வந்தது.

கமலநாயகிதான் அவர் ஏற்றிய முதல் பொம்பிளை. அப்போது அவரிடம் இருந்தது சின்னச் சிவப்புக் கார். அதன் சூடாக்கி வேலை செய்யாது. பின் கண்ணாடி இரண்டு விரல் அளவுக்குமேல் ஏறாது. அதுவும் ஒரு தை மாதம். மண்டப வாசலில் கதவைத் திறந்தபோது கமலநாயகியின் உதடு நாவற்பழம் தின்றது போல இருந்தது. வீடியோக்காரப் பையன் கமராவைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, அழாதைங்கோ, மை கரையும்" என்றான். "அழேல்லை தம்பி, விறைக்குது" என்று அவள் பல் அடித்துக்கொண்டு சொன்னது வீடியோவில் அப்படியே பதிந்துவிட்டது. பின்னாளில் யாரும் விருந்தாளி வந்தால் அந்த இடம் மட்டும் திருப்பித் திருப்பிப் போடப்படும். பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, கோயில் அன்னதானம் என்று யோகலிங்கம் தட்டோடு எங்கே போய் இருந்தாலும், இரண்டு வரிசை தள்ளி அவளுடைய குரல் கேட்கும்.

"யோகண்ணை என்னை ஐஸ்பெட்டியிலை வைச்செல்லோ கொண்டுவந்தவர்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். பல் வைத்தியரின் காரை வாங்கின அன்று மனைவி பிறேமா, "உது கமலாவுக்காக வாங்கின கார்" என்றாள். அவர் மறுக்கவில்லை.

இப்போது கமலநாயகியின் மகளுக்குக் கலியாணம். தை மாதம்தான், வேறென்ன. மாப்பிள்ளை வீட்டார் வெள்ளை நிறத்தில் நீட்டுக் கார் பிடித்துத் தருகிறோம் என்றார்கள். மகள் தக்சாயினி வேண்டாம் என்றுவிட்டாள்.

"மாமா, உங்கடை காரிலைதான் வருவன்," என்று போனில் சொன்னாள். "அம்மா உந்த ஐஸ்பெட்டிக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளிச்சுப்போச்சு. நீங்களும் நானுமாய்ச் சேர்ந்து அதை முடிச்சு வைப்பம். அம்மாவையும் பின்னுக்கு ஏத்திறன். சரியோ?"

"சரி பிள்ளை," என்றார் யோகலிங்கம். சொல்லும்போது அவருக்குப் பிடரி வரைக்கும் சந்தோசம்.

கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய திங்கட்கிழமை வேலையால் வந்து, காரைக் கழுவித் துடைத்து, வழமைபோலப் பின் இருக்கையைச் சோதித்தார். சோதிப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. ஜீன்ஸ் தடிப்பு, அதற்குள்ளால் வருகிற சூட்டை நம்பிப் பட்டுச்சேலைக்குப் பதில் சொல்ல ஏலாது. அதனால் ஜீன்ஸைக் கழற்றிவிட்டு இடுப்பில் மெல்லிய சாரம் உடுத்து, மேலே தடித்த ஜக்கெட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பின்னால் போய் இருப்பார்.

அன்றைக்கும் பின்னால் ஏறி இருந்தார். மூன்று விளக்கும் எரிந்தன. கொஞ்சம் வெக்கை வரப் பார்த்தது. பிறகு மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, அந்த ஒன்றும் அணைந்துபோனது. தோல் இருக்கை மீன் பிடித்த கைபோலக் குளிர்ந்தது. திரும்ப அமத்தினார். திரும்ப மூன்று, இரண்டு, ஒன்று, இல்லை.



கார் திருத்துமிடத்துக்குப் போன் அடித்தார். டேர்மீன், அதாவது காரைக் கொண்டுவர நாள், மூன்று கிழமைக்குப் பிறகுதான் என்றது ஒரு இனிமையான பெண் குரல். "அதுக்கிடையிலை பொம்பிளைக்குத் தலைப்பிள்ளை பிறந்திடும்," என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, ஜேர்மன் மொழியில் நன்றி சொல்லி வைத்தார்.

மிஞ்சியது மேல்மாடி ஜேர்மன்காரர் பேனாட்தான். பேனாட் வாழ்நாள் முழுக்க மாடிக் கட்டடங்களில் லிப்ட் பூட்டித் திரிந்த மனிதர். ஓய்வுக்குப் பிறகும் கையில் மீட்டர் இல்லாவிட்டால் உடுப்புப் போடாத மாதிரி உணர்கிறவர். யோகலிங்கத்தோடு மூன்று தமிழ்க் கலியாணத்துக்குப் போயிருக்கிறார். பருப்பு வடைக்காக நாலாவதுக்கும் காத்திருக்கிறார். அவர் கேட்டுவிட்டு, "யோகி, ஒரு மனிதன் ஏறினதும் விளக்கு அணைகிறது என்றால் முதலில் அந்த மனிதனைச் சந்தேகிக்க வேண்டும். வா, ஓடிக்கொண்டே பார்ப்போம்," என்றார். நின்ற இடத்தில் இயந்திரத்தை ஓடவிட்டால் எதிர்வீட்டுக் கிழவி ஜன்னலைத் திறப்பாள் என்பது இருவருக்கும் தெரியும்.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை பின்னேரம் பேனாட் காரை ஓட்ட, சாரத்தோடு யோகலிங்கம் பொம்பிளை இருக்கிற இடத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்து, டோர்ட்மண்ட் நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். காருக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைக்கென்று அளவு பார்க்கக் கட்டிய பூமாலை கழற்றாமல் கிடந்தது. தமிழ்க்கடை வாசலில் சிவப்பு விளக்கு. கடைக்கார நிசாந் வெங்காய மூட்டையோடு நின்று, வாயைத் திறந்தபடி பார்த்தான். யோகலிங்கம் தலையை மட்டும் ஆட்டினார். வேறென்ன செய்ய முடியும்.

வீடு வந்து சேரும்போதே பிறேமாவின் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஓம். ஓம். சாரத்தோடைதான். இல்லை, வெள்ளைக்காரன்தான் ஓட்டினது," என்றாள் பிறேமா யாருக்கோ. வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "உங்களுக்கு ரெண்டாம் கலியாணமாம். ஊர்வலம் போனதாம். பொம்பிளையை எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோவன்."

"பொம்பிளையாய் இருந்ததே நான்தான்," என்றார் யோகலிங்கம். "சூடு தங்குதில்லை பிறேமா. ஞாயிற்றுக்கிழமை கமலா ஏறப் போறா."

பிறேமா சிரிப்பதை நிற்பாட்டினாள். அவளுக்கும் அது பகிடியில்லை என்று தெரியும்.

புதன்கிழமை பேனாட் முதலில் பியூஸ் கட்டையைப் பார்த்தார். நல்லாக இருந்தது. பிறகு பின் இருக்கையின் அடித்தட்டைக் கிளப்பினார்கள். கிளப்பியதும் இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

கீழே ஒரு தனி உலகம் கிடந்தது. கொண்டை ஊசிகள், கறுத்துச் சுருண்டு தேயிலைபோல ஆகிவிட்ட மல்லிகைப் பூக்கள், மஞ்சள் அரிசி, முத்துகள், ஒரு பொய் நகம், ஒரு தோட்டுச் சுரை, பாதி உறிஞ்சிய இருமல் இனிப்பு ஒன்று. அவர் ஏற்றின எல்லாப் பெண்களும் போகும்போது ஆளுக்கொன்றை விதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பேனாட் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு வெறும் ஜாம் போத்தலில் போட்டார். யோகலிங்கம் ஒரு நீல முத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"உது எசன் பிள்ளையின்ரை. வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தவள். இப்ப புருசன்காரன்தான் அழுகிறான்."

பேனாட்டுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் முத்தைத் தனியாக வாங்கிப் போத்தலில் போட்டார்.

ஊசிகளைப் பார்த்ததும் யோகலிங்கத்துக்குப் பயம் பிடித்தது. சேலைக்குக் குத்துகிற ஊசி ஒன்று தோலுக்குள்ளால் இறங்கிச் சூட்டுக் கம்பியை அறுத்திருந்தால்? பேனாட் மீட்டரின் இரண்டு முனைகளையும் கம்பியில் வைத்தார், முகத்தைச் சுழித்தார், பிறகு சுழிப்பை எடுத்தார்.

"கம்பி உயிரோடு இருக்கிறது. அறுந்திருந்தால் கொஞ்சங்கூடச் சுடாது. இது சுட்டுவிட்டு நிற்கிறது. இருக்கையில் பிழையில்லை, யோகி. இருக்கைக்கு யாரோ சாப்பாடு கொடுக்காமல் விடுகிறார்கள்."

"ஆர்?"

"அதுதான் எனக்கும் தெரியவில்லை. யோசிக்க வேண்டும்." பேனாட் யோசிக்க மேலே போய்விட்டார். அவருடைய யோசனை தொலைக்காட்சி உதைபந்தாட்டத்தோடு கலந்து வரும், நேரம் எடுக்கும்.

யோகலிங்கம் இருப்புக்கொள்ளாமல் தன் பாட்டுக்கு ஒரு சோதனை தொடங்கினார். வேலைக்குப் போய்வரும் வழியெல்லாம் பின்னால் இருந்து பார்க்க ஏலாது, ஓட்டுவதும் அவர்தானே. வெதுப்பகத்துக்காரருக்குத் தெரிந்த வழி ஒன்று தோன்றியது. மூடியுள்ள பெட்டி ஒன்றில் கட்டிப் பட்டரை வைத்து, அதைப் பொம்பிளை இருக்கிற இடத்தில் இருத்தி, பட்டியும் போட்டுவிட்டார். சூடு தங்கினால் பட்டர் இளகும். தங்காவிட்டால் கட்டியாகவே திரும்பும். பட்டர் பொய் சொல்லாது.

"இஞ்சாருங்கோ, உந்தப் பட்டருக்கு ஊர் சுத்திக் காட்டவோ போறியள்?" என்றாள் பிறேமா. அவள் அப்போது காருக்குள் முன்பக்கம் குனிந்து நின்றாள். முன் கண்ணாடிக்குக் கீழே இருந்த பிள்ளையாரை எடுப்பதற்கு. ஒவ்வொரு கலியாணத்துக்கும் முதல் அவரைச் சமையலறைக்குக் கொண்டுபோய், பாலும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் வார்த்து, பொட்டு வைத்துப் பழையபடி இருத்துவது அவளுடைய பொறுப்பு. பிள்ளையாரைச் சுற்றியிருந்த விளக்கு வளையத்தையும், ஓயாமல் மந்திரம் சொல்கிற சின்னப் பெட்டியையும் கழற்றி, வயரோடு சேர்த்துப் பைக்குள் போட்டாள்.

வியாழக்கிழமை வேலையால் வந்து பெட்டியைத் திறந்த யோகலிங்கம் படியேறாமல் அங்கேயே நின்றுவிட்டார். பட்டர் உருகிக் குளமாகிக் கிடந்தது. அவர் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு இருக்கையைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. மூன்று விளக்கும் அசையாமல் எரிந்தன. வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பிறேமாவின் கையைப் பிடித்து, கையிலிருந்த அகப்பையோடு கீழே இழுத்துவந்து காட்டினார்.

"திருந்தீட்டுது. தானாய்த் திருந்தீட்டுது."

"எல்லாம் பிள்ளையாரின்ரை செயல்," என்றாள் பிறேமா. "இப்பதான் பால் வார்த்தனான்." அன்றைக்கே பொட்டும் பூவுமாகப் பிள்ளையார் பழைய இடத்துக்கு வந்தார். வளையம் சுற்றி எரிந்தது. பெட்டி மந்திரம் சொன்னது.

வெள்ளிக்கிழமை பட்டர் கல்லுப்போலத் திரும்பிவந்தது.

யோகலிங்கம் ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்திருந்தார். பட்டர்ப் பெட்டி மடியில். வியாழன் அப்படி, வெள்ளி இப்படி. அதே கார், அதே வழி, அதே குளிர். என்ன வித்தியாசம் என்று காரின் உட்புறத்தை மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டே வந்தவருடைய கண், முன்னால் சுற்றிச் சுற்றி எரிந்த சிவப்பு, பச்சை, நீலத்தில் போய் நின்றது. கார் நிறுத்தியாயிற்று. சாவி அவருடைய சட்டைப்பைக்குள் இருந்தது. பிள்ளையார் மட்டும் திருவிழாவில் இருந்தார்.

அந்த வளையமும் பெட்டியும் நவராத்திரிக்குத்தான் வந்தன. சுவாமி விளக்கு நூரக்கூடாது, அணையவே கூடாது என்று பிறேமா சொல்ல, கடைக்கார நிசாந் வயரை நேரே பற்றரியிலிருந்து இழுத்துவிட்டு, "சாவி எடுத்தாலும் எரியும் அக்கா, கார் விக்கும்வரைக்கும் எரியும்" என்று பெருமையாய்ச் சொன்னது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. மார்கழியில் கலியாணமும் இல்லை, தூர ஓட்டமும் இல்லை. கார் வேலைக்குப் போய் வந்ததோடு சரி. மிச்ச நேரமெல்லாம் குளிரில் நின்று பிள்ளையாருக்கு விளக்குப் பிடித்திருக்கிறது.

பேனாட்டைக் கூப்பிட்டார். பேனாட் பூட்டிய காரின் பற்றரியில் மீட்டரை வைத்துவிட்டு, சின்னதாக விசில் அடித்தார்.

"உன்னுடைய யானைக் கடவுள் நல்ல சாப்பாட்டுக்காரர், யோகி. இரவெல்லாம் சாப்பிடுகிறார். காலையில் பற்றரியில் மிஞ்சுவது கொஞ்சம். கார் கணக்குப் பார்க்கிறது. இயந்திரம் முக்கியம், முன் விளக்கு முக்கியம். பின் இருக்கைச் சூடு சொகுசு. அதை வெட்டிவிடுகிறது."

"கெட்டித்தனமான கார்," என்றார் யோகலிங்கம். "ஆனால் ஆரை வெட்டுறது எண்டு அதுக்குத் தெரியேல்லை."

இனிப் பிறேமாவிடம் சொல்ல வேண்டும். யோகலிங்கம் படியேறினார், இறங்கினார், திரும்ப ஏறினார். அவள் மேசையில் மாலை கட்டிக்கொண்டிருந்தாள். அவர் கதிரையில் இருந்து, தொண்டையைச் செருமி, பட்டரில் தொடங்கிப் பற்றரி வழியாக மெல்ல மெல்ல வந்து, கடைசியில் சொன்னார்.

பிறேமாவின் கை நின்றது. "அப்ப விக்கினம் தீர்க்கிறவரே விக்கினம் எண்டு சொல்லுறியள்."

"நான் சொல்லேல்லை. பேனாட்டின்ரை மீட்டர் சொல்லுது."

"விளக்கை நூக்கச் சொல்லுறியளோ? கலியாணக் கிழமையிலை?"

யோகலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பினார். இந்த இடத்தில் பேசினால் கெட்டது என்று கலியாணம் முடித்த காலத்திலிருந்து அவருக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே கீழே கார் நின்றது. கண்ணாடியெல்லாம் பனி பூத்து, உள்ளே அந்த நிற வட்டம் மங்கலாகச் சுற்றியது. பிறேமாவும் அங்கேதான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய முகம் வேறு ஒரு விதமாக மாறியது.

"இஞ்சாருங்கோ. இண்டைக்கு வெளியிலை எவ்வளவு குளிர்?"

"பூச்சியத்துக்குக் கீழை ஒம்பது எண்டு சொன்னவங்கள்."

"அந்தாள் அதுக்கைதானே இருக்கிறார்."

"ஆர்?"

"பிள்ளையார்." அவள் எழும்பிவிட்டாள். "எத்தினை பனிக்காலமாய் அதுக்கை இருக்கிறார். ஊரிலை உள்ள பொம்பிளையள் எல்லாருக்கும் நாரிக்குச் சூடு பாத்துப் பாத்துப் போடுறியள். அந்தாள் வெறும் மேலோடை, ஒரு சால்வைகூட இல்லாமல், கண்ணாடியிலை ஒட்டிக்கொண்டு விறைச்சுக் கிடக்கிறார். ஒருதருக்கும் ஒரு யோசினை இல்லை."

 உண்மையில் யோகலிங்கமும் யோசித்ததில்லை.

பிறேமா செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய், பிள்ளையாரை ஒரு துவாயில் சுற்றித் தூக்கிவந்து, சமையலறை ஜன்னலில், சூடாக்கிக்கு நேர் மேலே வைத்தாள். வளையத்தையும் பெட்டியையும் சுவர் மின்சாரத்தில் மாட்டினாள். விளக்கு நூரவேயில்லை, வீடு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

"இனி ஆள் இஞ்சைதான் இருப்பார்," என்றாள். "கலியாணத்துக்கு மட்டும் கார் ஏறுவார். வேலையிருக்கிற ஆக்கள் அப்பிடித்தானே."

சனிக்கிழமை பகல் முழுக்க, சமையலறை ஜன்னலால் ஒரு நீட்டு வயர் இறங்கிக் காரின் மூக்குக்குள் போய்க் கிடந்தது. மேலே பிள்ளையார், கீழே பற்றரி, இரண்டு பேரும் ஒரே சுவரில் பால் குடித்தார்கள். பேனாட் மணித்தியாலத்துக்கு ஒருதரம் வந்து மீட்டரை வைத்துப் பார்த்து, காய்ச்சல் குறைந்த பிள்ளையின் நெற்றியைத் தொட்டவர்போலத் தலையாட்டிவிட்டுப் போனார். யோகலிங்கம் பட்டரை வைத்துக் கடைசி ஓட்டம் ஓடினார். திரும்பிவந்து, அந்தப் பட்டரைப் பாணில் பூசிச் சாப்பிட்டார். கத்தியே தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியது. கமலநாயகியின் வீட்டு வாசலில் கதவு திறந்து, ஒரு மாம்பழ நிறம் ஓடிவந்தது. பின்னால் கடும்பச்சையில் கமலநாயகி, ஒரு கையால் மகளின் முந்தானையைத் தூக்கிப் பிடித்தபடி. அவளும் ஜக்கெட் போடவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் புதுச்சேலை தெரியாமல் போய்விடும் அல்லவா. இரண்டு பேரும் பின்னால் விழுந்து கதவைச் சாத்தினார்கள். முன்னால் பிறேமா, அவளுடைய மடியில் துவாய் சுற்றிய பிள்ளையார்.

"இதென்ன பிறேமா, ஆருடைய குழந்தை?" என்றாள் கமலநாயகி.

"முந்தாநாள்தான் ஆள் வீட்டுக்கு வந்தவர். குளிருக்குப் பழக்கமில்லை."

"யோகண்ணை, சொல்லிப்போட்டன். இண்டைக்கும் விறைச்சுதோ, உங்களுக்கு முதல் பந்தி இல்லை. கடைசிப் பந்தி. அப்பளமும் முடிஞ்சிருக்கும்."

"ஓம் தங்கச்சி," என்றார் யோகலிங்கம். தன்னுடைய இருக்கையின் சூட்டை மட்டும் நிற்பாட்டினார். பின்னால் இரண்டு பொத்தான்களையும் அவரே கையை நீட்டி அமத்தினார். மூன்றும் மூன்றும்.

நகரத்தின் நடுவில் எல்லாம் நின்றது. ட்ராம் ஒன்று தண்டவாளம் பிரிகிற இடத்தில் பனிக்கட்டியில் மாட்டி, அதற்குப் பின்னால் கார் வரிசை. துடைப்பான் பனியைத் தள்ள, தள்ளிய இடத்தில் திரும்பவும் பனி. யோகலிங்கம் வழியில் கண்ணாடியில் பின்னால் பார்க்காதவர். அன்றைக்குப் பார்த்தார், ஆட்களையல்ல. கதவோரத்து விளக்குகள் தெரிகிறாற்போலக் கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தார். மூன்று. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தார். மூன்று. ட்ராம் ஓட்டுநர் இறங்கி ஓர் இரும்புக் கம்பியால் தண்டவாளத்தைத் தட்டினார். மூன்று.

பின்னால் சத்தமேயில்லை. பிறேமா மெல்லத் திரும்பிப் பார்த்துவிட்டு அவருடைய முழங்கையைத் தட்டினாள். "நித்திரை," என்று உதட்டால் சொன்னாள்.

பொம்பிளை தூங்கிவிட்டாள். விடியமுதல் எழும்பி, ஒன்றும் சாப்பிடாமல், தலையில் கால் பாகம் பூவோடு நிமிர்ந்திருந்த பெண், கீழிருந்து ஏறின வெக்கையில், பாண் மணத்தில், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, உலகத்தில் ஒரு கவலையுமில்லாத ஆளாகத் தூங்கினாள். ஜிமிக்கி மட்டும் ஆடியது.

ட்ராம் அசைந்தது. பாதித் தூரம் வந்தாயிற்று. கேட்க வேண்டிய நேரம். பொம்பிளை தூங்குவதால் யோகலிங்கம் குரலைத் தாழ்த்தி, இருபத்தெட்டு வருசமாக அவள் ஒருத்தியிடம் மட்டும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார்.

"கமலா, சூடு காணுமோ?"

 கண்ணாடியைக் கொஞ்சம் நிமிர்த்திப் பார்த்தால், கமலநாயகி முந்தானைத் தலைப்பால் கழுத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள். நெற்றிப் பொட்டுக்கு மேலே வேர்வை அரும்பியிருந்தது.

"காணும், காணும்," என்றாள். "கொஞ்சம் குறையுங்கோ யோகண்ணை. நாரி வேகுது."

யோகலிங்கம் பாதையைப் பார்த்தபடியே இருந்தார். "என்ன சொன்னனீங்கள்? பனிச் சத்தத்திலை கேக்கேல்லை."

"பனிக்கு என்ன சத்தம். குறையுங்கோ எண்டன்."

"பிறேமா, கேட்டதோ?"

"கேட்டது," என்றாள் பிறேமா. "பிள்ளையாருக்கும் கேட்டது."

கமலநாயகிக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு, மகள் எழும்பாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். யோகலிங்கம் கையைப் பின்னால் நீட்டி ஒரு விளக்கைக் குறைத்தார். உடனே அல்ல, அடுத்த சந்தி தாண்டித்தான்.

மண்டப வாசலில் கதவைத் திறந்ததும் குளிர் அடிக்க, தக்சாயினி கண்ணைக் கசக்கப் போனாள். தாய் பாய்ந்து கையைப் பிடித்தாள். நாதஸ்வரக்காரர் ஊதத் தொடங்கிவிட்டார். வீடியோக்காரன் கமராவை இறக்கிவிட்டு, "அக்கா, இன்னொருக்கா இறங்குங்கோ, கண்ணைத் திறந்துகொண்டு" என்றான். அதுவும் பதிந்தது.

முதல் பந்தியில் யோகலிங்கத்துக்கு ஒரு பக்கம் பிறேமா, மறுபக்கம் பேனாட். பேனாட்டின் இலையில் மூன்று வடை. பாயாசம் வந்துகொண்டிருந்தபோது, இரண்டு வரிசை தள்ளி, சம்பந்தி வீட்டாருக்கு நடுவில் அந்தப் பழகின குரல் எழும்பியது.

"யோகண்ணை எங்களை அவிச்செல்லோ கொண்டுவந்தவர். பனங்கிழங்கு மாதிரி. தாயும் மகளும் நீராவியோடை இறங்கினனாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். யோகலிங்கம் தலையைத் தூக்கவில்லை. பரிமாறுகிறவரிடம் கிண்ணத்தை நீட்டி, இன்னும் கொஞ்சம் பாயாசம் விடச் சொன்னார்.